மலைநாட்டில் ஒரு முகவரி

கடல் கடந்த தமிழர் என்றதும் நம் நினைவு தொலைவான நாடுகளை நோக்கி ஓடுகிறது. 1860ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டுரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கரை சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற அம்மக்களின் கதையை நாம் ஓரளவு அறிவோம். ஆனால், கூப்பிடு தூரத்திலுள்ள இலங்கை மலைநாட்டைப் பற்றி நாம் அறிந்தது சொற்பமே. அலுவல் நிமித்தம் நான்கு ஆண்டுகள் அட்டன் நகரில் குடியிருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அட்டனில் வாழ்பவன் முதலில் கற்க வேண்டியது குளிரைத் தாங்கும் வித்தை, அடுத்தது சொற்கள். தேநீர் அங்கே ‘தேத்தண்ணி’, புகைவண்டி ‘கோச்சி’, வரிசை வீடுகள் ‘லயம்’, காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பது ‘பெரட்டு’. ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். குறித்த அளவு கொழுந்து பறிக்காவிட்டால் ‘அரைப் பேர்’தான் விழும். நாள் முழுதும் மழையில் நனைந்து, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மலையேறிய ஒருத்தி, மாலையில் கூடையை நிறுத்தபின் பாதி மனுஷியாக எழுதப்படுகிறாள்! இந்தச் சொல்லின் கொடுமையை எந்த அகராதி விளக்க வல்லது?

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சிறு பயணங்கள் மேற்கொள்வேன். அட்டனில் ஏறினால், சிங்கமலைச் சுரங்கத்தின் இருளைக் கடந்து, கொட்டகலை, தலவாக்கலை வழியாக நானுஓயாவை அடையலாம். 1884இல் அட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்த இருப்புப்பாதை அது. மக்களுக்காக அன்று, தேயிலைப் பெட்டிகளுக்காக வந்தது. வழியெங்கும் பெயர்ப் பலகைகள்: எடின்பரோ, கிளாஸ்கோ, ஹோலிரூட், பால்மோரல். பிறந்த மண்ணை விட்டுவந்த ஸ்காத்லாந்துத் துரைமார் தம் ஏக்கத்தைப் பலகையில் எழுதி நட்டார்கள். அதே ஏக்கத்தோடு வந்த நம் மக்களுக்குப் பலகை நட உரிமை இல்லை. அவர்கள் மாரியம்மனை நட்டார்கள், மாசி மாதத்தில் காமன் கூத்தை ஆடினார்கள்.

ஒருமுறை கோச்சியில் எதிரே அமர்ந்திருந்த முதியவர், “ஐயாவுக்கு எந்த ஊருங்க?” என்று வினவினார். துறையூர் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “நமக்கும் அந்தப் பக்கந்தானுங்க!” என்றார். எப்போது வந்தீர்கள் என்றேன். “நான் எங்கே வந்தேன்? எங்க பாட்டனாரோட பாட்டனார் வந்தாருங்க” என்றார். காணாத ஊரைச் சொந்த ஊர் என்று சொல்லும் அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை.

அந்தப் பாட்டனார்கள் காப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்கள். வழியிலேயே மாண்டவர் பலர். 2023இல் இருநூறு ஆண்டு நினைவாக அவ்வழியே தலைமன்னாரிலிருந்து நடைபயணம் நிகழ்ந்தது. நேட்டாலுக்குச் சென்றவர்க்கு ஒப்பந்தம் இருந்தது. இங்கு வந்தவர்க்குக் கங்காணியின் ‘துண்டு’, அதாவது கடன் சீட்டு இருந்தது. 1921இல் அது ஒழிந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டமோ பல இலட்சம் பேரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு வழி பிறக்க 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சட்டம் குடியுரிமை தந்துவிட்டது, முகவரி தந்ததா? நான் பழகிய குடும்பமொன்று ஒரு தோட்டத்து லயத்தில் வாழ்ந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதில் ஆறு பேர். அவ்வீட்டுக்கு இலக்கம் இல்லை, தெருவும் இல்லை. தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதினால் கடிதம் அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து எப்போது யார் கையில் வரும் என்பது தெய்வச் செயல். மூத்த பெண் ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்கான கடிதம் ஒன்பது நாள் மேசையில் கிடந்து, தேர்வு முடிந்த மறுநாள் கைக்கு வந்தது. அவள் தந்தை சினக்கவில்லை. “கடுதாசி எங்களைத் தேடி வராதுங்க ஐயா, நாங்கதான் கடுதாசியைத் தேடிப் போகணும்” என்றார்.

மறு ஆண்டு அப்பெண் தயங்கித் தயங்கி ஓர் உதவி கேட்டாள். விண்ணப்பத்தில் என் வாடகை வீட்டு முகவரியை எழுதலாமா என்றாள். எழுது அம்மா என்றேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் அயல்நாட்டான், என் கடவுச்சீட்டில் ஒட்டிய விசா முடிந்தால் போக வேண்டியவன். எனக்கு வீட்டு இலக்கம் உண்டு, தெருப்பெயர் உண்டு. ஐந்து தலைமுறையாக அம்மண்ணுக்கு உரமானவர்களின் பேத்திக்கு அவை இல்லை!

கடிதம் என் வீட்டுக்கு வந்தது. அன்று மாலையே பேருந்தேறி, மஸ்கெலியா வீதியில் இறங்கி, தேயிலைச் சரிவில் இரண்டு கல் தொலைவு நடந்து கொடுத்தேன். என் பயணங்களில் மிகச் சிறியது அதுவே, நிறைவானதும் அதுவே.

இன்று சில தோட்டங்களில் இந்திய உதவியுடன் ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் எழுந்துள்ளன. நல்ல தொடக்கம், ஆயினும் லயங்கள் இன்னும் நிற்கின்றன. வெளிநாட்டு வாழ்வு என்பது கடலைக் கடப்பதால் மட்டும் வருவதன்று. பிறந்த மண்ணிலேயே தபாற்காரன் தேடிவராத வீட்டில் வாழ்பவனும் வெளிநாட்டில் வாழ்பவனே. அடுத்த முறை ஒரு கோப்பைத் தேநீரைக் கையில் எடுக்கும் அன்பர்கள் இதைச் சிந்தித்துப் பார்ப்பார்களாக.