தோட்டத்துக் கருவி பேச மறுத்தால்...

கொல்லிமலையில் மிளகும் காப்பியும் பயிரிடும் சிறு விவசாயிகளுக்குக் காற்றின் ஈரப்பதம் முக்கியமானது. விடாத மழையும் ஈரமும் மிளகுக் கொடியில் விரைவு வாடல் நோய்க்கு இடம் கொடுக்கும். ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் இரவு பகலாகக் குறித்துவைக்க, உள்ளங்கை அளவுள்ள சிறு கணினியுடன் உணர்கருவிகளை இணைத்துத் தோட்டத்தில் வைக்கலாம். 2012-ல் வெளிவந்த ராஸ்பெரி பை இவ்வகையில் பெயர் பெற்றது.

இக்கருவி சில சமயம் அளவு காட்டாமல் நின்றுவிடும். அல்லது ஒரே எண்ணை நாள் முழுவதும் காட்டும். அந்த எண்ணை நம்பி வீணாக மருந்தடித்தால் பணம் நட்டம். அடிக்க வேண்டிய நேரத்தில் விட்டுவிட்டால் கொடி நட்டம். பழுது பார்க்க 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் செல்வதற்கு முன், கணினி தெரிந்த பிள்ளைகளின் துணையுடன் கீழ்க்கண்டவற்றைச் சோதிக்கலாம்.

கருவி பேசும் விதம்

பல உணர்கருவிகள் ஐ-2-சி என்னும் முறையில் கணினியுடன் பேசுகின்றன. பிலிப்ஸ் நிறுவனம் 1982-ல் உருவாக்கிய முறை இது. செய்திக்கு ஒரு கம்பி, தாளத்துக்கு ஒரு கம்பி; இவ்விரண்டிலேயே பல கருவிகளை இணைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு எண் உண்டு. இரு கம்பிகளும் சும்மா இருக்கும்போது 3.3 வோல்ட்டில் நிற்கும். பேசும் கருவி கம்பியைக் கீழே இழுத்து விடும். கோவில் மணிக் கயிற்றை ஒருவர் இழுத்துப் பிடித்தபடியே நின்றால் மற்றவர் மணியடிக்க முடியாதல்லவா? அதுபோல, கெட்ட கருவி ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டால் எல்லாக் கருவிகளும் ஊமையாகிவிடும்.

சோதிக்கும் முறை

1. மின்சாரத்தை நிறுத்திவிட்டே கம்பிகளைத் தொட வேண்டும். ராஸ்பெரி பையில் முதல் முனை 3.3 வோல்ட், மூன்றாவது செய்தி, ஐந்தாவது தாளம், ஆறாவது தரை. செய்தியும் தாளமும் இடம் மாறியிருந்தால் கருவி பேசாது. 5 வோல்ட்டில் இயங்கும் கருவியை நேராக இணைத்தால் கணினியே கெடக்கூடும்.

2. கணினி அமைப்பில் ஐ-2-சி வசதி திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் ஐ-2-சி-டிடெக்ட் கட்டளையைக் கொடுத்தால் கதவு எண்களின் பட்டியல் தோன்றும். பட்டியல் வெறுமையாக இருந்தால் முதலில் கம்பிகளையும் இணைப்புகளையும் சந்தேகிக்க வேண்டும்.

3. மின்சாரம் தந்து, கணினி அளவெடுக்காதபோது ஒவ்வொரு கம்பிக்கும் தரைக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்க்கவும். ஏறத்தாழ 3.3 வோல்ட் காட்ட வேண்டும். பூஜ்யத்துக்கு அருகில் நின்றால், மின்சாரத்தை நிறுத்தி ஒரு கருவியைக் கழற்றி மீண்டும் அளக்கவும். எதைக் கழற்றியதும் 3.3 வோல்ட் திரும்புகிறதோ, குறை அதிலோ அதன் கம்பியிலோ இருக்கிறது.

4. ஒரே வகைக் கருவி இரண்டு இருந்தால் கதவு எண் மோதும். ஈரப்பதம் அளக்கும் பி.எம்.இ.280 கருவிக்கு 76, 77 என இரு எண்கள் உண்டு. ஒன்றை மாற்றி அமைத்துக்கொள்ளலாம்.

5. இம்முறை ஒரே பெட்டிக்குள் பேசுவதற்காக வந்தது. கம்பி நீளமானால் செய்தி மழுங்கும். ஒரு மீட்டருக்குள் வைப்பது நலம். சற்று நீளம் தவிர்க்க முடியாதபோது வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம். தோட்டத்தின் கோடிக்குச் செல்ல வேண்டுமானால் ஆர்.எஸ்.485 முறையே ஏற்றது.

பனியிலிருந்து காப்பு

மலைப் பனி இணைப்புகளில் நீராகப் படியும். செம்பு பச்சை பூத்துத் தொடர்பு அறுபடும். பெட்டிக்குள் கம்பி அடிப்புறமாக நுழைய வேண்டும். நுழையுமிடத்துக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். கணினிப் பெட்டியை நன்றாக மூடலாம். ஈரப்பதம் அளக்கும் கருவிக்கு மட்டும் மழை படாத, காற்றோட்டமுள்ள கூடு தேவை.

கருவி சரியான பின்பும் வாரம் ஒருமுறை ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானியுடன் ஒப்பிட்டு நோட்டில் குறித்து வரவேண்டும். அளவு மெல்ல மெல்ல விலகுவதை அந்த நோட்டு முன்னதாகவே காட்டிக்கொடுக்கும். மருந்தடிக்கும் முன் எண்ணை மட்டும் நம்பாமல், கொடியின் இலையையும் அடித்தண்டையும் நேரில் பார்த்து முடிவு செய்வது நல்லது.