மார்ச் 8-ம் ரொட்டி வரிசையும்



வருஷா வருஷம் மார்ச் 8 அன்று மகளிர் தினம் கொண்டாடுகிறோம். ஏன் அந்த நாள்? இதற்குப் பின்னால் ரஷ்ய நாட்டுப் பெண்களின் கதை இருக்கிறது.

1917-ல் ரஷ்யாவை ஜார் மன்னர் ஆண்டு வந்தார். கணவனுக்குக் கீழ்ப்படிவது மனைவியின் கடமை என்று சட்டமே சொன்ன காலம் அது. 1914-ல் தொடங்கிய போருக்கு ஆண்கள் போய்விட்டார்கள். பெண்கள் பகலெல்லாம் மில்லில் வேலை செய்துவிட்டு, கொட்டும் பனியில் ரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள். பல நாள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

பொறுத்தது போதும் என்று, மார்ச் 8 அன்று பெட்ரோகிராட் நகரத்து மில் பெண்கள் வேலையை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். பக்கத்துத் தொழிற்சாலை ஆண்களையும் கூப்பிட்டார்கள். ஒரே வாரத்தில் மன்னர் பதவி விலகினார்!

அதோடு எல்லாம் கிடைத்துவிட்டதா? இல்லை. புதிய அரசு ஓட்டுரிமை பற்றி வாய் திறக்கவில்லை. பெண்கள் மறுபடியும் ஊர்வலம் போன பிறகுதான், அந்த வருஷம் ஜூலையில் ஓட்டுரிமை கிடைத்தது.

நவம்பரில் ஆட்சி மீண்டும் மாறியது. 1918-ல் புதிய குடும்பச் சட்டம் வந்தது. மனைவியின் சம்பாத்தியம் மனைவிக்கே சொந்தம். விவாகரத்து கேட்க இருவருக்கும் சம உரிமை. 1920-ல் மருத்துவமனையில் கருக்கலைப்புக்கும் அனுமதி கிடைத்தது.

சட்டம் வீட்டுக்குள் தானாக நடந்து வந்துவிடுமா? அதற்காகவே 1919-ல் பெண்களுக்கென்று தனித் துறை ஏற்படுத்தினார்கள். அதன் ஊழியர்கள் கிராமம் கிராமமாகப் போய் எழுத்து கற்றுக்கொடுத்தார்கள், சட்டத்தை விளக்கினார்கள். குழந்தைகள் காப்பகம், பொதுச் சமையல்கூடம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். ஆனாலும் போதுமான அளவுக்கு வரவில்லை. வேலைக்குப் போன பெண்ணுக்கு வீட்டு வேலையும் அப்படியே இருந்தது.

1930-ல், "பெண்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டது" என்று சொல்லி அந்தத் துறையை மூடிவிட்டார்கள். ஆறே வருஷத்தில், 1936-ல், கருக்கலைப்புக்குத் தடை வந்தது. விவாகரத்து கேட்பதும் கடினமானது. மறைவாகக் கருக்கலைப்பு செய்துகொண்டு உயிரை விட்டவர்கள் பலர். அந்தத் தடை நீங்க 1955 வரை ஆனது. ஓட்டும் வேலையும் நிலைத்தன. ஆனால் பறிபோனதைத் தட்டிக்கேட்க பெண்களுக்கென்று ஒரு அமைப்பு இல்லை.

இதில் நமக்கு என்ன பாடம்? ஆட்சி மாறினால் சட்டம் மாறும்; மேலே இருந்து வந்த உரிமை மேலே இருந்தே பறிபோகலாம். அதைக் காப்பாற்றுவது கூடிப் பேசும் நம் கூட்டம்தான்.

"கடன் கிடைச்சாச்சு, இனி கூட்டம் எதுக்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்க. அடுத்த குழுக் கூட்டத்தில் இதையும் பேசுங்க: நம் குழு நின்றுபோனால், பால்வாடிக்கும் ரேஷனுக்கும் குடிதண்ணீருக்கும் நமக்காகப் போய்க் கேட்பது யார்?