அக்காளுக்குக் கண்ணாக இருந்த தங்கை!
65 வயதில் எழுத்தாளர் ஆனார்

1932-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சிறுவர் புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் ஒரு விவசாயியின் மனைவி. அப்போது அவருக்கு வயது 65. அதுதான் அவருடைய முதல் புத்தகம்!

அவர் பெயர் லாரா இங்கால்ஸ் வைல்டர்.

அமெரிக்காவின் நடுவே மரமில்லாத பெரும் புல்வெளிகள் உண்டு. அங்கே குடியேறிய உழவர்கள் பட்ட பாட்டை, குழந்தைகள் நேரில் காண்பது போல அவர் எழுதினார்.

160 ஏக்கர் நிலம்

1862-ல் அமெரிக்க அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. சிறு கட்டணம் செலுத்தி, 5 ஆண்டு குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் நிலம் சொந்தம் ஆகும்.

லாராவின் தந்தை சார்லஸ் இங்கால்ஸ், மனைவி மக்களை மூடுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நிலம் தேடி அலைந்தார்.

மின்னசோட்டாவில், ஓடைக்கரையைக் குடைந்து அமைத்த மண் வீட்டில் சிலகாலம் வசித்தனர். கூரை மேல் புல் முளைத்துக் கிடந்தது!

1875-ல் கோதுமை நன்றாக விளைந்தது. வந்தன வெட்டுக்கிளிகள், மேகம் போல! பயிர் அழிந்தது. கூலி வேலை தேடித் தந்தை கிழக்கே நடந்தே போனார்.

போன பார்வை

1879-ல் மூத்த மகள் மேரி நோயில் விழுந்தாள். உயிர் பிழைத்தது. ஆனால் பார்வை போய்விட்டது. அவளுக்கு வயது 14. லாராவுக்கு 12.

அன்று முதல் தங்கைதான் அக்காளுக்குக் கண். பார்த்ததை எல்லாம் வாய்விட்டுச் சொன்னாள்.

"அழகாக இருக்கிறது" என்று சொன்னால் போதுமா? என்ன நிறம், எவ்வளவு உயரம், காற்றில் எப்படி அசைகிறது என்று விளக்க வேண்டுமே! அந்தப் பழக்கம்தான் பிற்காலத்தில் லாராவின் எழுத்துக்குக் கைகொடுத்தது.

பசியும் பனியும்

அந்தக் குடும்பம் டகோட்டாவில் டி ஸ்மெட் என்ற புதிய ஊரில் குடியேறியது. 1880 அக்டோபரிலேயே பனிப்புயல் தொடங்கிவிட்டது. தண்டவாளத்தைப் பனி மூடியது. ரெயில் நின்றது. கரி இல்லை, மாவு இல்லை.

காய்ந்த புல்லைப் பிரியாக முறுக்கி அடுப்பு எரித்தார்கள். காப்பிக்கொட்டை அரைக்கும் கை மிஷினில் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டார்கள்.

அந்தக் கோதுமையும் தீரும் நிலை வந்தது. அல்மான்சோ வைல்டர் என்ற வாலிபர், நண்பர் ஒருவருடன் பனிவெளியைக் கடந்து கோதுமை வாங்கி வந்தார். ஊர் பிழைத்தது. 1885-ல் அவரையே லாரா மணந்தார்.

மறுபக்கம்

இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. கான்சாசில் இங்கால்ஸ் குடும்பம் வீடு கட்டிய இடம், ஓசேஜ் பழங்குடி மக்களின் நிலம். பின்னர் அந்த மக்கள் கான்சாசை விட்டே வெளியேற நேர்ந்தது.

பழங்குடியினரை மனிதராகவே எண்ணாதது போன்ற ஒரு வரி லாராவின் முதல் புத்தகங்களில் ஒன்றில் இருந்தது. வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டினார். தவறு என்று லாரா ஒப்புக்கொண்டார். 1953-ல் அது திருத்தப்பட்டது. ஆயினும் வேறு சில பகுதிகள் பற்றி இன்றும் கண்டனம் உண்டு. லாராவின் பெயரில் இருந்த ஒரு பரிசின் பெயர் 2018-ல் மாற்றப்பட்டது.

லாரா 1957-ல், 90-வது வயதில் காலமானார்.

தங்கையின் புத்தகத்தைக் கேட்க மேரிக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1928-லேயே அவர் இறந்துவிட்டார். அவருக்காகச் சொல்லிப் பழகிய தங்கைதான், பின்னர் உலகத்துக் குழந்தைகளுக்கு எல்லாம் புல்வெளியைக் காட்டினார்.