விலை முந்தும், அடக்கம் பிந்தும்

மற்றத் தொழில்களில் அடக்கவிலை தெரிந்த பிறகே விற்பனை விலை குறிக்கப்படுகிறது. காப்பீட்டிலோ பிரீமியம் இன்றே வாங்கப்படுகிறது, அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டிய தொகை ஓராண்டோ பத்தாண்டோ கழித்துத்தான் தெரியவருகிறது. இந்த இடைவெளியே இத்தொழிலில் விலைப்போட்டியை ஆபத்தாக்குகிறது.

இந்தியாவில் கார்க் காப்பீட்டுப் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு தொகைகள் தென்படும். விபத்தில் பிறருக்கு நேரும் இழப்புக்கான மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசு அறிவிக்கிறது. காருக்கே நேரும் சேதத்துக்கான தொகையை 2007 ஜனவரி முதல் நிறுவனங்களே வகுத்துக்கொள்வதால், போட்டி அங்கேதான் நடக்கிறது. ஆயிரம் கார்களில் நூறு கார்கள் ஆண்டுக்குத் தலா 30,000 ரூபாய் இழப்பீடு கோரும் என்று வைத்துக்கொண்டால், ஒரு காரின் பங்கு 3,000 ரூபாய். முகவர் கமிஷனும் அலுவலகச் செலவும் 1,000 ரூபாய் என்றால், 4,000 ரூபாய்க்குக் கீழே விற்பது நட்டம். ஆயினும் கவனமாக ஓட்டுபவர்களை அடையாளம் காணத் தெரிந்த நிறுவனம் அவர்களுக்கு மட்டும் 3,500 ரூபாய்க்குக் கொடுத்தும் லாபம் பார்க்கும். அனைவருக்கும் சராசரி விலையே சொல்லும் நிறுவனத்திடம், நல்ல ஓட்டுநர்கள் விலகிச் சென்றபின், அடிக்கடி மோதுபவர்களே மிஞ்சுவார்கள். ஆகவே இந்தப் போட்டியை அறிவுப் போட்டி என்பதே பொருந்தும்.

திறமையால் வந்த மலிவையும் துணிச்சலால் வந்த மலிவையும் முதலாண்டுக் கணக்கில் பிரித்தறிய முடியாது என்பதுதான் கவலைக்குரியது. இனி வரக்கூடிய இழப்பீடுகளுக்காக ஒதுக்கிவைக்கும் நிதியைக் குறைத்துக் காட்டினால், நட்டமும் லாபமாகத் தோன்றும். ஆஸ்திரேலியாவின் பெரிய காப்பீட்டு நிறுவனங்களில் ஒன்றான எச்.ஐ.எச். 2001 மார்ச்சில் வீழ்ந்தபோது பற்றாக்குறை 530 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை இருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. வருங்கால இழப்பீடுகளுக்குப் போதிய நிதி ஒதுக்காததையே விசாரணை ஆணையம் முதன்மைக் காரணமாகக் கண்டது.

இதைத் தடுக்கவே, நிறுவனத்தின் சொத்து அதன் பொறுப்புகளைவிட எவ்வளவு கூடுதலாக இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் வரையறுக்கிறது. கடன்தீர்வு வரம்பு எனப்படும் இந்த உபரி, பொதுக் காப்பீட்டில் பிரீமியத்தில் 20 சதவீதம், இழப்பீட்டில் 30 சதவீதம் என்ற அடிப்படையில் கணக்கிடப்படும் தொகைகளுள் பெரியதாகும். அதைப்போல் ஒன்றரை மடங்கு எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது இந்திய ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. மறுகாப்பீடு மூலம் சுமையின் ஒரு பகுதியை வேறு நிறுவனத்துக்கு மாற்றலாம் என்றாலும், தள்ளுபடி கொடுத்து விற்பனையை இரட்டிப்பாக்கிய நிறுவனம் தேவைப்படும் மூலதனமும் ஏறத்தாழ இரட்டிப்பாவதைக் காண்கிறது. அந்தப் பணத்தைப் பங்குதாரர்களே கொண்டுவர வேண்டும்.