மின்சாரம் நின்றாலும் பால் கெடாதிருக்க

கறந்த பாலைச் சூடு ஆறாமல் வைத்திருந்தால் நான்கைந்து மணி நேரத்தில் கெடத் தொடங்கிவிடும். 4 டிகிரி சென்டிகிரேடுக்குக் குளிர்வித்தால் ஒரு நாள் தாங்கும். கீழப்பழுவூர் வட்டாரத்தில் நெல், கரும்பு இருந்தாலும் அன்றாடச் செலவுக்குக் கைகொடுப்பது கறவை மாடுதான். ஆகவே பால் குளிர்விக்கும் கூடமும், தடுப்பூசி மருந்து இருக்கும் கால்நடை மருந்தகமும் மின்தடையிலும் இயங்கியாக வேண்டும்.

2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைக் கிராமங்கள் பல, நாட்கணக்கில் இருளில் கிடந்தன. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவே ஜெனரேட்டரை ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறோம் என்று நாம் சும்மா இருந்துவிட முடியாது.

ஜெனரேட்டர் வாங்கும்போது மோட்டார்களின் குதிரைசக்தியைக் கூட்டிப் பார்த்து, அதற்குச் சரியாக வாங்கிவிடுகிறார்கள். இது போதாது. மோட்டார் நேரடியாகக் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல் ஆறு மடங்கு வரை மின்னோட்டம் இழுக்கும். 5 குதிரைசக்தி கம்ப்ரசர் உள்ள கூடத்துக்கு 15 கே.வி.ஏ. அளவில் யோசிப்பது நல்லது. அதற்காக மிகப் பெரியதாகவும் வாங்கக்கூடாது. மூன்றில் ஒரு பங்கு சுமைகூட இல்லாமல் நெடுநேரம் ஓடும் டீசல் என்ஜினில் கரி படியும், டீசலும் வீண்.

டிராக்டர் வைத்திருப்போருக்கு வேறு வழியும் உண்டு. பி.டி.ஓ. தண்டில் இணைக்கும் ஆல்டர்னேட்டர் கிடைக்கிறது. ஒரு கிலோவாட்டுக்கு இரண்டு குதிரைசக்தி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். வேகம் தவறினால் மின்சாரத்தின் அலைவெண்ணும் தவறி மோட்டார் சூடேறும். 50 சுழற்சியில் நிற்கிறதா என்று மீட்டரைப் பார்த்தபடி ஓட்டுங்கள்.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் எந்த ஜெனரேட்டரையும் இணைக்கவே கூடாது. உங்கள் மின்சாரம் கம்பி வழியே திரும்பிச் சென்றால், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிருக்கே ஆபத்து. புகை நச்சு என்பதால், அடைத்த அறைக்குள் என்ஜினை ஓட்டாதீர்கள்.

அவசரத்தில் ஜெனரேட்டர் கிளம்பாததற்குப் பெரும்பாலும் பாட்டரிதான் காரணம். வாரம் ஒரு முறை அரை மணி நேரம், வெறுமனே அல்ல, கம்ப்ரசரையே ஓட்டிப் பாருங்கள்.

நள்ளிரவில் மின்சாரம் போனால் பதற வேண்டாம். ஏற்கனவே குளிர்ந்த பால், மூடியைத் திறக்காதவரை சில மணி நேரம் தாங்கும். டீசலைக் கறவை நேரத்துக்கு, புதிதாக வரும் சூடான பாலுக்கு மிச்சம் பிடியுங்கள். மருந்தகத்திலும் குளிர்பெட்டியைத் திறக்காதிருப்பதே முதல் காப்பு. கோமாரித் தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும்; உறைந்தாலும் வீணாகிவிடும். ஐஸ் பெட்டிக்கு மாற்றும்போது மருந்துக் குப்பிகள் நேரடியாக ஐஸில் படாதபடி நடுவே அட்டை வையுங்கள்.