பயிர்க்கடனும் கணினி நிரலும்

பயிர்க்கடன் பெற விரும்பும் விவசாயி ஒருவர் பட்டா, சிட்டா, அடங்கல், அடையாள அட்டை ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம், வங்கி என்று எத்தனை முறை நடக்க நேரிடுகிறது என்பதை நம் ஊராட்சி அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காகிதம் காத்திருக்கும்; விதைப்புப் பருவம் காத்திராது. இவ்வலைச்சலைக் குறைக்கும் பொருட்டு இந்திய ரிசர்வ் வங்கியும், பெங்களூரில் அதன் துணை நிறுவனமாக இயங்கும் புத்தாக்க மையமும் சேர்ந்து 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு சோதனைத் திட்டத்தைத் தொடங்கின. கிசான் கடன் அட்டையின் பேரில் வழங்கப்படும் சிறு கடன்களை, மனு முதல் பட்டுவாடா வரை கணினி வாயிலாகவே முடிப்பது அதன் நோக்கம். மத்தியப் பிரதேசமும் தமிழ்நாடும் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டன. 2023 ஆகஸ்டு 17 அன்று அது பொதுத் தளமாக விரிவாக்கப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்டில் அதற்கு ‘யு.எல்.ஐ.’ என்று பெயர் சூட்டப்பட்டது.

இத்தளம் தானாகக் கடன் கொடுப்பதன்று. பல ஊர் வண்டிப்பாதைகள் ஒரு கூட்டு ரோட்டில் வந்து சேர்வதுபோல, மாநில அரசுகளின் நில ஆவணம், ஆதார் விவரம், வங்கிக் கணக்கு வரவு செலவு, பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றிய பாலின் அளவு முதலியவை, கடன் கேட்பவரின் சம்மதத்தின் பேரில் ஓரிடத்தில் கூடுகின்றன. கடன் தரும் வங்கி அவற்றை அங்கிருந்து பெற்றுக்கொள்கிறது. இந்தச் சந்திப்பில் போக்குவரத்தை நடத்துவது நிரல், அதாவது கணினிக்கு எழுதி வைக்கப்படும் கட்டளைத் தொகுப்பு. வங்கிகள் யாவும் ஒரே பொது விதியின்படி இணைந்துகொள்ளுமாறு தளத்தின் வாயில்கள் திறந்து வைக்கப்பட்டுள்ளன.

வாயிலைத் திறந்து வைத்தால் மட்டும் போதுமா? உள்ளே வந்து வேலை செய்வோர் வேண்டும். 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறை இன்று பெட்டிக்கடை வரை வந்திருப்பதற்குக் காரணம், வங்கிகளுக்கு வெளியே இருந்த நிரலர்களும் பொது விதியை ஏற்றுப் பல செயலிகளைக் கட்டியமையே. தென்னாப்பிரிக்காவில் இன்வெஸ்டெக் என்னும் வங்கி இன்னும் ஒரு படி சென்று, நிரல் எழுதத் தெரிந்த வாடிக்கையாளர்களுக்குத் தங்கள் கணக்கையே திறந்துவிட்டது. அட்டையால் பணம் செலுத்தும்போது அதனை அனுமதிப்பதா, மறுப்பதா என்பதை அவர்கள் எழுதிய சில வரிகள் முடிவு செய்கின்றன. அவற்றைத் தமக்குள் பகிர்ந்தும் திருத்தியும் அவர்கள் ஒரு கூட்டமைப்பாகவே வளர்ந்துள்ளனர். அங்கே நிரலரும் வாடிக்கையாளரும் ஒருவரே. நம் நாட்டில் நிரல் எழுதுபவர் ஒருவர், கடன் வாங்குபவர் வேறொருவர். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பெயர்ப் பொருத்தத்தையே எடுத்துக்கொள்வோம். நமது பட்டா தமிழில் உள்ளது. வங்கிக் கணக்கோ ஆங்கில எழுத்தில் உள்ளது. ‘பழனிமுத்து’ என்னும் பெயரின் ழகரத்தை ஆங்கிலத்தில் ஒருவர் ஒருவிதமாகவும், மற்றொருவர் வேறுவிதமாகவும் எழுதுவார். இதற்கென ஒலிபெயர்ப்பு வசதியும் தளத்தில் சேர்க்கப்பட்டிருப்பது பாராட்டத்தக்கது. ஆயினும் பாட்டனார் பெயரிலேயே நிற்கும் பட்டாவையும், நான்கு பங்காளிகளின் கூட்டுப் பட்டாவையும் எந்த ஒலிபெயர்ப்பும் தீர்த்துவைக்காது. கணினி அதனைப் பொருந்தவில்லை என்று தள்ளிவிடும். கிராம நிர்வாக அலுவலரிடம் நேரில் நின்று விளக்குவதுபோல் கணினியிடம் விளக்க இயலாது.

அடுத்து, நிரலுடன் கூடிய பணம். ரிசர்வ் வங்கியின் மின் ரூபாய், சில்லறைப் பயன்பாட்டிற்கு 2022 டிசம்பர் 1 அன்று சோதனையாக வந்தது. குறிப்பிட்ட காரியத்திற்கு மட்டுமே செலவாகும்படி அதில் நிபந்தனை எழுதும் வசதி 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஒடிசாவிலும் ஆந்திரத்திலும் குத்தகை விவசாயிகளுக்குப் பாரத ஸ்டேட் வங்கி இவ்விதமாகக் கடன் வழங்கிச் சோதித்தது. பட்டா இல்லாத குத்தகைதாரருக்கு, பணம் இடுபொருளுக்கே செல்லும் என்ற உறுதியின் பேரில் கடன் கிடைப்பது பெரிய நன்மை என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் நிபந்தனையை எழுதுபவர் நம் வயலை அறிந்தவரா? 2018-இல் படைப்புழு மக்காச்சோளத்தைத் தாக்கியபோது, பெரம்பலூர் விவசாயிகள் எதிர்பாராத மருந்துச் செலவுக்கு ஆளாயினர். உரத்திற்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பூட்டிய பணம் அந்த வேளையில் உதவியிராது. பருத்தி எடுக்கும் கூலியாட்களுக்கு அன்றன்றே ரொக்கம் வேண்டும். சின்ன வெங்காயம் பயிரிடுவோர் விலை வரும் வரை பட்டறை போட்டு இருப்பு வைக்கின்றனர். அறுவடை முடிந்த மாதமே தவணையைப் பிடித்துக்கொள்ளும் நிரல், அவரைக் கிடைத்த விலைக்கு விற்கச் செய்யும். அரியலூர்ப் பகுதியின் முந்திரித் தோப்புக்கு ஆண்டுக்கு ஒரு மகசூல். கொள்ளிடக் கரையின் நெல்லுக்குரிய கணக்கு அதற்குப் பொருந்தாது.

1904-இல் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் ஏற்பட்ட நாள் முதலாக, சங்கத்தின் துணை விதிகளை அங்கத்தினர் படித்துப் பார்க்கலாம், பேரவையில் எழுந்து ஆட்சேபிக்கலாம் என்ற உரிமை நமக்குப் பழக்கமானது. நிரலும் ஒருவகைத் துணை விதியே. அதனைத் தமிழில் எழுதிக் காட்டச் சொல்லும் உரிமை கடன்காரருக்கு வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இதற்கு ஆட்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. அரியலூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி உள்ளது; பெரம்பலூரிலும் பொறியியல் கல்லூரிகள் உள. விவசாயி வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே கணினி பயில்கின்றனர். ரிசர்வ் வங்கி 2021 முதல் ‘ஹார்பிஞ்சர்’ என்னும் பெயரில் புதிய யோசனைகளுக்குப் போட்டி நடத்தியிருக்கிறது. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. மாணவரும் சங்கச் செயலாளரும் விவசாயியும் ஒரு மேசையில் அமர்ந்தால், வெளியூர் நிரலர் அறியாத பிழைகள் பல முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சம்மதம் என்பது எந்த விவரம், யாருக்கு, எத்தனை நாளைக்கு என்று படித்தறிந்து தருவதாகும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழியுண்டு. கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை, உதவி செய்வதாகச் சொல்லிக் கேட்பவர் எவரிடமும் சொல்லலாகாது.

வரும் கிராம சபையில் இறந்தோர் பெயரில் உள்ள பட்டாக்களின் பட்டியலைத் தயாரித்து, வாரிசுகளை வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுச் செய்யத் தூண்டுவது முதல் வேலை. ஊரின் பயிர்க் கணக்கைத் தொகுப்பது இரண்டாவது. பயிரின் பெயர், விதைக்கும் மாதம், ரொக்கக் கூலி தேவைப்படும் வாரங்கள், அறுவடை, இருப்பு வைக்கும் காலம், விற்கும் மாதம் ஆகியவை ஒரு பக்கத்தில் அடங்கும். ஒரு பிரதியைக் கடன் சங்கத்திலும், மற்றொன்றை அருகிலுள்ள பொறியியல் கல்லூரியின் கணினித் துறையிலும் சேர்ப்பிக்கலாம்.