சூரிய மின்சார பாட்டரிகளுக்கு ஏற்ற பஸ்பார் பெட்டி

மும்பையை அடுத்துள்ள அம்பர்நாத், 1060-ஆம் ஆண்டைச் சேர்ந்த சிவாலயத்தால் புகழ்பெற்ற ஊர். இன்று தொழிற்சாலைகள் செறிந்த நகரமும் ஆகும். இத்தகைய நகரங்களில் வீட்டுக் கூரைமீது சூரிய மின்பலகைகளை அமைப்பது பரவி வருகிறது. ஒரு கோடி வீடுகளுக்கு இவ்வசதியை அளிக்கும் நோக்கத்துடன் மத்திய அரசு 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் பாட்டரி இல்லாமல், விநியோகக் கம்பியுடன் மட்டும் இணைந்த அமைப்பானது, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். பழுது பார்க்கும் ஊழியர்களின் பாதுகாப்பை முன்னிட்டே அவ்வாறு செய்யப்பட்டிருக்கிறது. ஆதலால் மின்தடையின்போதும் விளக்கு எரிய வேண்டும் என்று விரும்புவோர் பாட்டரிகளையும் சேர்த்து அமைக்கின்றனர்.

பல பாட்டரிகளை ஒன்றாக இணைத்து இன்வெர்ட்டருக்கு மின்சாரம் அளிக்கும் தடித்த செம்புப் பட்டைக்குப் பஸ்பார் என்று பெயர். நேர்முனைக்கு ஒன்றும் எதிர்முனைக்கு ஒன்றுமாக இரு பட்டைகள் உண்டு. இவற்றை மூடும் பெட்டியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். பாட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் பெருந்தொகை செலவிடுவோர், இப்பெட்டியை மட்டும் ஏதோ ஒரு சாதாரண ஸ்விட்சுப் பெட்டியாக வாங்கிவிடுவதுண்டு. வீட்டில் தீவிபத்து நேருவதற்கு அதுவே காரணமாகிவிடக்கூடும்.

லிதியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியில் 3.2 வோல்ட்டுள்ள 16 கலங்கள் தொடராக இணைந்து 51.2 வோல்ட்டு அழுத்தத்தைத் தருகின்றன. 5 கிலோவாட்டு இன்வெர்ட்டர் முழுப் பளுவுடன் இயங்கும்போது, 230 வோல்ட்டுப் பக்கத்தில் ஏறத்தாழ 22 ஆம்பியர் மின்சாரமே ஓடுகிறது. பாட்டரிப் பக்கத்திலோ 100 ஆம்பியருக்கு மேல் ஓடும். அழுத்தம் குறைவு, ஓட்டம் மிகுதி என்பதே இந்த அமைப்பின் இயல்பு.

அழுத்தம் குறைவாதலால் பட்டையை மூட வேண்டிய அவசியமில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். இஃது அபாயகரமான எண்ணம். ஒரு ஸ்பானர் கைதவறி இரு பட்டைகளுக்கும் குறுக்கே விழுந்தால், பாட்டரிகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஒரே கணத்தில் பாயும். உலோகம் உருகித் தெறிக்கும், மின்வில் தோன்றும். வீட்டுக் கம்பிகளில் வரும் மாறுதிசை மின்சாரம் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தை அடைவதால் அதன் வில் அணைவது எளிது. பாட்டரியின் நேர்திசை மின்சாரத்துக்கு அவ்வாறு ஓய்வு இல்லை. வில் தொடர்ந்து எரியும். ஆகவே பெட்டியின் முதற்கடமை, கருவியோ குழந்தையின் விரலோ பட்டையைத் தீண்டாமல் காப்பதாகும். மூடியைத் திறந்து வேலை செய்யும்போதும் காப்பு இருக்க வேண்டுமாதலால், இரு பட்டைகளுக்குமிடையே மின்கடத்தாத் தடுப்பு ஒன்றும் தேவை.

பெட்டி எவ்வளவு சிறந்ததாயினும் பியூஸுக்கு ஈடாகாது. ஒரு பாட்டரி பழுதுற்றால் மற்றவை யாவும் அதனுள் மின்சாரத்தைச் செலுத்தும். ஆதலால் ஒவ்வொரு பாட்டரிக்கும் அதன் அருகிலேயே தனித்தனிப் பியூஸ் அமைக்க வேண்டும். அது நேர்திசை மின்சாரத்துக்கென்றே குறிக்கப்பட்டதாகவும், மேற்கூறிய பெரும் ஓட்டத்தைத் துண்டிக்க வல்லதாகவும் இருத்தல் அவசியம்.

அடுத்து உஷ்ணத்தைக் கவனிப்போம். 20 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் கனமும் உள்ள 30 சென்டிமீட்டர் செம்புப் பட்டையில் 100 ஆம்பியர் ஓடினால் எழும் வெப்பம் அரை வாட்டு மட்டுமே. ஆனால் சரியாக முடுக்கப்படாத ஒரே ஓர் இணைப்பில் ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலும், அங்கே 10 வாட்டு வெப்பம் உண்டாகும். ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். ஆகவே பெட்டி சூடேறுவதற்குப் பெரும்பாலும் இணைப்பே காரணம். கம்பியின் லக் பட்டையை நேராகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இடையில் வாஷரைச் செருகுவது தவறு.

பெட்டி செய்யப்படும் பொருளும் முக்கியமானது. சாதாரண பி.வி.சி. பெட்டி சூட்டில் இளகிவிடும். கண்ணாடி இழை கலந்த பாலியெஸ்டர் இளகாது. ஆதலால் அதுவே மேலானது. தீப்பரவலைத் தடுக்கும் பாலிகார்பனேட்டும் ஏற்றதே. 960 டிகிரி வரை சூடேறிய கம்பியால் சோதிக்கும் முறையில் தேறிய பொருளா என்று கேட்டு வாங்குவது நலம். எஃகுப் பெட்டி எரியாது, வெப்பத்தையும் நன்கு வெளியேற்றும். ஆனால் அதற்கு நில இணைப்பும், கம்பி நுழையும் துளைகளில் ரப்பர் வளையமும் இன்றியமையாதவை.

இனி ஈரத்தைப் பற்றிக் கூறுவோம். பெட்டிகளின் காப்புத் தரம் ஐ.பி. என்னும் இரு இலக்கக் குறியால் குறிக்கப்படுகிறது. முதல் இலக்கம் விரலையும் தூசியையும், இரண்டாவது நீரையும் தடுக்கும் திறனைக் காட்டும். ஐ.பி. 20 விரலைத் தடுக்கும், நீரைத் தடுக்காது, ஐ.பி. 54 தூசியையும் தெறிக்கும் நீரையும் தடுக்கும், ஐ.பி. 65 தூசியை முற்றிலும் தடுப்பதோடு பீச்சும் நீரையும் தாங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அடைமழை பெய்வதும், ரசாயனத் தொழிற்சாலைகள் உள்ளதுமான அம்பர்நாத்தில், ஈரமும் அமில ஆவியும் சேர்ந்து செம்பில் களிம்பை உண்டாக்கும். களிம்பால் தடை பெருகும். ஆகவே காற்றுத் துளைகளுள்ள பெட்டி இவ்விடத்துக்குப் பொருந்தாது. வீட்டினுள் ஐ.பி. 54, சாரல் படும் மாடிப்படி முகப்பில் ஐ.பி. 65 ஏற்றவை. வெள்ளீயம் பூசிய பட்டை பின்னும் சிறந்தது.

முற்றிலும் மூடிய பெட்டியில் வெப்பம் தங்குமே எனின், அதற்குப் பரிகாரம் துளையிடுவதன்று. தேவைக்கு மேல் பெரிய பெட்டியை வாங்குவதேயாகும். பரப்பு மிகுந்தால் வெப்பம் எளிதில் வெளியேறும். பஸ்பாரின் ஆம்பியர் அளவு திறந்த வெளிக்கென்று குறிக்கப்பட்டிருந்தால், மூடிய பெட்டிக்குள் அதைவிடக் குறைவாகவே கொள்ள வேண்டும். தகரக் கூரையின் கீழே பெட்டியை அமைத்தல் கூடாது.

கம்பிகள் பெட்டியின் அடிப்பக்கமாகவே நுழைய வேண்டும். மேற்பக்கத் துளை வழியே நீர் இறங்கிவிடும். உல்லாஸ் நதி வெள்ளத்தால் 2019 ஜூலை 27-ஆம் தேதி பத்லாபூருக்கும் வாங்கனிக்கும் இடையே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் ரயில் நின்றுபோனதை இப்பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள். தரைத்தளத்தில் வசிப்போர், முன்பு வெள்ளம் எட்டிய அளவுக்கு மேலாகவே பாட்டரியையும் பெட்டியையும் அமைத்தல் வேண்டும். ஈய அமில பாட்டரியாயின், அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் இலேசானதாகையால், பாட்டரிக்கு நேர்மேலே பெட்டியை வைப்பது தகாது.

இறுதியாக, இணைப்புகளை உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு முடுக்கி, மழைக்காலத்துக்கு முன்னரும் பின்னரும் மின்சாரத்தைத் துண்டித்துத் தகுதிபெற்ற மின் பணியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். நிறம் மாறிய பட்டையும் கருகிய வாசனையும் முன்னெச்சரிக்கைகளாகும். பெட்டிக்குச் செலவிடும் பணம் முழுச் செலவில் சிறு பகுதியே. ஆனால் இரவில் வீட்டார் அச்சமின்றி உறங்குவது அதைப் பொறுத்தே உள்ளது.